சூர்யகலா வீட்டு விருந்தாளிகள்

வீடு இடிந்து வெட்டவெளியில் நிற்கிறவளைப் பார்த்து வயிறு எரிந்தால் ஊர் என்ன சொல்லும்? என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு எரிந்தது. சூர்யகலாவின் வீடு இடிந்ததற்காக அல்ல, இடிந்த பிறகு அவளுக்குக் கிடைத்ததற்காக.

நான் வேலுத்தாய். பிறந்தது கீழே ராசிங்காபுரம். ஜக்கையனுக்கு வாக்கப்பட்டு மலையேறி மேலூத்துக்கு வந்தேன், வந்த இடத்திலேயே தலை நரைத்தும் விட்டது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டில் பாதியில் ஒரு ஜீப் பாதை பிரியும். அதன் கடைசியில் இருப்பதுதான் மேலூத்து. ஒரு பக்கம் பெரிய ஓடை, மறுபக்கம் சின்ன ஓடை, பின்னால் ஏற முடியாத பாறை. நடுவில் கொஞ்சம் வீடுகள், சரிவெல்லாம் ஏலத்தோட்டம்.

போன ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில் மலை சரிந்தது. இரண்டு ஓடைப் பாலங்களும் ஒரே காலையில் போய்விட்டன, ஜீப் பாதையும் அதோடு போனது. அன்றிலிருந்து போடியில் எங்களுக்குத் தீவுக்காரர்கள் என்று பெயர். காய்கறிக் கடைக்குப் போனால், "என்னக்கா, தீவுல என்ன விசேசம்?" என்று கடைக்காரன் சிரிப்பான். நான் அவன் கூடையில் இருக்கிற சொத்தைக் கத்திரிக்காயை எல்லாம் பொறுக்கி அவன் முன்னால் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு வருவேன்.

சரிவு இறங்கியதில் சூர்யகலாவுக்கு வீடு போனது, தோட்டம் தப்பியது. எனக்குத் தோட்டம் போனது, வீடு நின்றது. யாருக்கு நஷ்டம் அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டை ஒரு மாதத்தில் கட்டிவிடலாம். ஏலச்செடி புதிதாக வைத்தால் காய் பார்க்க வருஷக்கணக்காகும். ஆனால் இடிந்த வீட்டைப் படம் எடுக்கலாம். போன தோட்டத்தை யார் படம் எடுப்பார்கள்? அது இருந்த இடத்தில் இப்போது வெறும் மண் கிடக்கிறது. மண் எல்லா ஊரிலும் கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் ஜக்கையன் அதிகம் பேசாத மனுஷன். தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை மட்டும் சொன்னார்.

"தை வரைக்கும் பாப்போம். பொழப்புக்கு வழி தெரியலேன்னா வீட்டப் பூட்டிட்டுச் சிலமலைக்குப் போயிருவோம். அண்ணன் வயல்ல சோலி கெடக்கு."

சிலமலையில் வயல் அவர் அண்ணனுடையது, வீடும் அவருடையது. அந்த வீட்டு அடுப்படியோ அண்ணன் பொண்டாட்டி வீரலட்சுமியுடையது. நல்லது கெட்டதுக்குப் போய் இரண்டு நாள் தங்கினாலே, நான் கழுவி வைத்த சட்டியை என் கண் முன்னாலேயே மறுபடி கழுவுவாள். அவளுக்குக் கீழே காலம் முழுக்க நிற்க வேண்டும் என்றால் அதற்கு நான் சரிவோடு போயிருக்கலாம். இந்த மலையில் எனக்கென்று ஓர் அடுப்பு இருக்கிறது. அதை விட்டு இறங்கக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மழை விட்டதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாம் முன்பு மலை ஏற வந்துகொண்டிருந்தவர்கள்தான். முதுகில் பையும் கையில் குச்சியுமாக வந்து, எங்கள் ஊரில் ஒரு டீ குடித்துவிட்டு மேலே போவார்கள். இப்போது உதவி செய்கிறோம் என்று வந்தார்கள். முதல் தடவை மூட்டை மூட்டையாகப் பழைய துணி வந்தது. அதில் ஜரிகை வைத்த மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று இருந்தது, குதிகால் உயர்ந்த செருப்பு இருந்தது, அதுவும் ஒற்றைச் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு சரிவில் நின்று ஏலக்காய் பறிக்க வேண்டும் போலிருக்கிறது. அடுத்த தடவை வந்தவர்கள் எங்கள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிப் பாதை வெட்டினார்கள். சாயந்தரம் அவர்கள் கைக் கொப்புளத்துக்கு மருந்து போடுவதே எங்களுக்கு வேலையாகிப் போனது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை மாதிரி ஒரு பெண் வந்தாள். கார்த்திகா என்று பெயர், கோயம்புத்தூர்க்காரி. கேட்டுவிட்டுப் பேசுகிற ரகம். அவளிடம்தான் ஜக்கையன் வாயைத் திறந்தார்.

"ஆத்தா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. துணி வேணாம். மம்பட்டியையும் எங்கள்ட்டயே குடுத்துருங்க, எங்க கூலி அதுலதான் இருக்கு. நீங்க முன்ன மாதிரி வாங்க. வந்து தங்குங்க, சாப்பிடுங்க, சாப்பிட்டதுக்குக் காசு குடுங்க. வர்றப்ப என்ன வேணும்னு ஒரு போன் போட்டுக் கேட்டு, ஆளுக்கு ஒரு சுமை தூக்கியாங்க. போறப்ப எங்க காயக் கீழ எறக்கிக் குடுங்க. ஜீப்பு வர்ற வரைக்கும் அது போதும்."

"சரிங்கண்ணா, அப்படியே செய்யலாங்க" என்றாள் கார்த்திகா. சொன்னபடியே செய்தாள். வாராவாரம் ஒரு கூட்டம் வந்தது. ஏறும்போது ஒருவர் தோளில் தகரம், ஒருவர் பையில் ஆணி, ஒருவர் தலையில் அரிசி. இறங்கும்போது ஆளுக்கொரு ஏலக்காய்ப் பை. பெரிய ஓடையில் நாங்கள் இரண்டு சில்வர் ஓக் மரத்தை வெட்டிப் போட்டு, பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தோம். அதன் மேல் அவர்கள் தள்ளாடித் தள்ளாடி வருவதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் ஊருக்கு மூச்சு வந்தது அவர்களால்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

எல்லாம் சரி, தங்குவது எங்கே? விருந்தாளிகள் இஷ்டம் என்று ஊர் விட்டுவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் நேரே சூர்யகலாவிடம் போனார்கள்.

சூர்யகலா மேலூத்திலேயே பிறந்தவள். புருஷன் பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். ஜக்கையனுக்குத் தங்கச்சி முறை ஆகவேண்டும், அதனால் எனக்கு அவள் மதினி முறைதான், என்னையும் மதினி என்றுதான் கூப்பிடுவாள். வீடு இருந்த இடத்திலேயே தார்ப்பாய் கட்டி ஒரு கொட்டகை போட்டிருந்தாள். விருந்தாளிகள் அதன் முன்னால் கூடாரம் அடித்துப் படுத்துக்கொண்டு, அவள் சமையலைச் சாப்பிட்டார்கள். அவள் சமையல் லட்சணம் எனக்குத் தெரியும். கருவாடு போட்டால்கூட அவள் குழம்புக்கு ருசி வராது. அதையும் "சூப்பர்க்கா" என்று நக்கிச் சாப்பிட்டார்கள்.

என் வீடு ஓட்டு வீடு. சுவரில் ஒரு கீறல் இல்லை. ஒரு பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா, நல்லவேளைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நல்லவேளையை வைத்துக்கொண்டு நான் என்ன குழம்பா வைப்பது?

அவர்கள் சூர்யகலாவிடம் போனது சோற்றுக்காக இல்லை, கதைக்காக. சாயந்தரம் ஆனதும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அன்னைக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்பார்கள். அவள் சொல்லுவாள். விடிகாலையில் சுவர் எப்படி விரிந்தது, கட்டிலோடு எப்படிச் சரிந்தாள், பெரிய ஓடை எப்படி வாரிக்கொண்டு போனது. கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கடைசியில், "அப்ப ஒரு கை வந்து என் தலைமுடியப் புடிச்சுச்சு. ஒரே இழுப்பு. முழிச்சுப் பாத்தா கரையில கெடக்கேன்" என்று முடிப்பாள்.

ஒரு கையாம். அந்தக் கை என் கை. கரையில் நின்ற கொய்யா மரத்தை இடது கையால் கட்டிக்கொண்டு, வலது கையால் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தவள் நான். என் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு நாள் அவள் அதை "சாமி கைதான்னு நெனைக்கிறேன்" என்றுகூடச் சொன்னாள். சாமி எந்தக் கடையில் கண்ணாடி வளையல் வாங்குகிறது?

நன்றி என்று ஒரு வார்த்தை அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் மட்டுமா? ஊரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. என்னோடு பாதை வெட்டக் கூலிக்கு வருகிற மொக்கம்மாளிடம் நானாகவே ஒருமுறை, "அன்னைக்கு நான் மட்டும் இல்லேன்னா..." என்று தொடங்கினேன். அவள் சட்டென்று, "அவரை காய்ச்சிருக்கா உன் வீட்டுல?" என்று கேட்டாள். அவரைக்காய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கீழேயிருந்து வந்தவள் என்பதால்தான் இத்தனை இளக்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அன்றிலிருந்து சூர்யகலா ஓடைப் பக்கமே போவதில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் போக அவளுக்கு அத்தனை பயம். குழாயும் சரிவில் போய்விட்டது. ஆக அவள் வீட்டுக்கும் அவள் விருந்தாளிகளுக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார்? காலி மண்குடத்தைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். நானும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன். எடுத்துக் கொடுக்காமல் இருக்கவும் எனக்குத் தெரியவில்லை.

சும்மா இருந்தால் தை வந்துவிடும் என்று நானும் முயற்சி செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்து, மிளகு அரைத்துக் குழம்பு வைத்தேன். கார்த்திகா கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சட்டியில் ஒட்டியதைக்கூட விடாமல் வழித்துச் சாப்பிட்டார்கள். "சூர்யகலாக்காதாங்க அனுப்பினாங்க, இந்த ஊர்லயே உங்க கைப்பக்குவம்தான்னு சொன்னாங்க" என்றாள் கார்த்திகா. எனக்குச் சாப்பிட்ட சோறு கசந்தது. இவள் யார் எனக்கு ஆள் அனுப்ப? தனக்கு மிஞ்சியதை எனக்குத் தள்ளிவிடுகிறாளா? சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு, கதை கேட்க அவளிடமே போய்விட்டார்கள். நான் எலும்பைப் பொறுக்கி நாய்க்குப் போட்டேன்.

மார்கழி பாதி போன சமயம். கார்த்திகா எல்லாரையும் சூர்யகலாவின் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். இனிமேல் வருஷம் முழுக்கக் கூட்டம் வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். அதற்கு நிரந்தரமாக ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில்தான் சமையல், அங்கேதான் படுக்கை. எந்த வீடு என்று பேசி முடிவு செய்யலாம் என்றாள். அந்த வீடு என் வீடானால் நான் சிலமலைக்குப் போக வேண்டாம். ஜக்கையனே தன் வாயால் முதல் நாள் ராத்திரி அதைச் சொல்லியிருந்தார்.

நான் போகும்போது என் இடுப்பில் சூர்யகலாவின் தண்ணீர்க் குடம். அதுதான் என் யோகம். ஊரே உட்கார்ந்திருந்தது. பேச்சு தொடங்கவில்லை, ஏனென்றால் புதிதாக வந்த கண்ணாடி போட்ட பையன் ஒருவன் கதை கேட்டுக்கொண்டிருந்தான். கொட்டகைக்குக் கீழே பெரிய ஓடை இரைந்துகொண்டு போனது.

"...அப்ப ஒரு கை வந்து என் தலைமுடியப் புடிச்சுச்சு" என்றாள் சூர்யகலா.

"யாருங்க அது?" என்று பையன் கேட்டான்.

"தெரியலைங்க. மழையில கண்ணு தெரியல."

"உங்க ஊர்க்காரங்களாத்தான இருக்கணும்? கண்டுபிடிக்கலையா?"

"இல்லைங்க. யாருன்னே தெரியல."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். குடத்தை அப்படியே கீழே போட்டேன்.

"ஏன்டி தெரியாது? நான்தான். வேலுத்தாய். ஜக்கையன் பொண்டாட்டி வேலுத்தாய். இந்தக் கையாலதான் இவளை அந்த ஓடையிலருந்து இழுத்துப் போட்டேன். இந்தா பாருங்க தழும்பு. இழுத்துப் போட்டதும் இல்லாம இவளுக்குத் தண்ணியும் சொமக்கேன். பேரச் சொல்ல வாய் வலிக்குதோ உனக்கு?"

சூர்யகலா எழுந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "மதினி, சத்தமாப் பேசாதீக. மெதுவா, மெதுவா" என்றாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. கையைத் தட்டிவிட்டேன். "வேலுத்தாய்தான் இழுத்தா" என்று இன்னொரு முறை, வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்.

விருந்தாளிகள் கவனம் என் பக்கம் திரும்பியது. கார்த்திகா என் கையைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தாள். "ஏங்க்கா இத்தனை நாளா சொல்லவே இல்ல?" என்றாள். ஒருவன் படம் எடுத்தான். கொய்யா மரம் எது என்று கேட்டார்கள், எப்படிப் பிடித்தேன் என்று கேட்டார்கள். அப்புறம் கார்த்திகாவும் அவள் ஆட்களும் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். ஓட்டு வீடு, நல்ல சமையல், இப்படி ஒரு மனுஷி. வேலுத்தாயக்கா வீடுதான் என்று முடிவாகிவிட்டது. காலையிலேயே புதுக் கூட்டம் ஒன்று வருகிறது, முதல் விருந்து என் வீட்டில் என்றாள்.

சந்தோஷத்தில் நான் ஊர்க்காரர்களைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். மொக்கம்மாள் என்னைப் பார்க்காமலே நடந்தாள். சூர்யகலா உடைந்த குடத்துச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறாமை என்று நினைத்தேன். பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இப்போது உன் முறை, படு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜக்கையன் சோற்றைத் தொடவில்லை. தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, நெஞ்சடைக்குதா? வீடு நமக்குன்னு ஆயிருச்சு. உங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க, நாம வரலைன்னு."

"நீ ஏன்டி பேரச் சொன்ன?"

"என் பேரு, நான் சொல்றேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். ஓடை வாரிக்கொண்டு போன ஆளை யாராவது பறித்துவிட்டால், பறித்தவர் பெயரை ஓடை கேட்கிற இடத்தில் சொல்லக் கூடாதாம். அடுத்த ஐப்பசி மழை வந்து தணிகிற வரைக்கும் சொல்லக் கூடாதாம். சொன்னால், தான் பறிகொடுத்த ஆளுக்குப் பதிலாகப் பறித்தவரை ஓடை கேட்கும் என்பது இந்த ஊர் வழக்கம். இரண்டு ஓடைக்கு நடுவில் இருக்கிற ஊரில், ஓடை கேட்காத இடம் ஏது?

"இத்தனை வருசத்துல ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே."

"நீ வந்தப்புறம் ஓடை யாரையும் தொடலை. அந்தப் பேச்சே வரலை. இப்ப சொல்லலாம்னா, சொல்றதே பேரச் சொன்ன மாதிரி ஆயிரும்ல? சூர்யகலாதான் மறுநாளே வீடு வீடாப் போயி எல்லார் கால்லயும் விழாத கொறையாச் சொன்னா. மதினிக்கு யாரும் நன்றி சொல்லாதீக, மதினி பேர யாரும் எடுக்காதீகன்னு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டா."

அவர் தொடாத தட்டை இழுத்து மூடி வைத்துக்கொண்டே, "மண்ணாங்கட்டி. நீங்க நம்புறீகளா இத?" என்றேன்.

"நான் நம்புறேனோ நம்பலையோ, அவ நம்புறா" என்றார். "இதுக்கு ஒரு வழி உண்டும்பாக. பறிச்சவ ஓடையத் தாண்டுறப்பல்லாம், பறிபட்டவ முன்னால போயி தன்னையக் காட்டணும். ஐப்பசி வரைக்கும்" என்றார்.

அந்த ராத்திரி நல்ல மழை. நான் தூங்கவில்லை. ஒவ்வொரு நாளாக எடுத்து எடுத்து யோசித்துப் பார்த்தேன். அவள் சாமி என்று சொன்னது, மழையில் கண் தெரியவில்லை என்று சொன்னது, மொக்கம்மாள் அவரைக்காயை இழுத்தது. எல்லாரும் சேர்ந்து எனக்குக் காவல் இருந்திருக்கிறார்கள், நான் அத்தனை பேர் மேலேயும் காறித் துப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதா அவள்? ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தாலாவது நான் ஏதாவது புரிந்துகொண்டிருப்பேனே.

யார் வீட்டுக்கு விருந்தாளிகளோ அந்த வீட்டுப் பொம்பளை அக்கரைக்குப் போய் அழைத்துவருவதுதான் எங்கள் முறை. சூர்யகலாவுக்கு மட்டும் அதை மொக்கம்மாள் செய்து வந்தாள். விடிந்ததும் நான் கிளம்பினேன். பெரிய ஓடைக்கு இறங்குகிற இடத்தில் சூர்யகலா நின்றுகொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். சரிவு வந்த நாளுக்குப் பிறகு அவளை அந்த இடத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உதடு வெளுத்துப் போயிருந்தது.

ராத்திரி மழையில் ஓடை பெருகி, நாங்கள் போட்டிருந்த மரத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் புரண்டு போனது. அக்கரையில் கார்த்திகா அனுப்பிய ஆட்கள் சுமையோடு வந்து நின்றிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போடி" என்றேன். "நான் இன்னைக்குத் தாண்டல. உங்க அண்ணன அனுப்புறேன்."

"இன்னைக்குத் தாண்டலேன்னா நாளைக்கு மதினி. நாளைக்கு இல்லேன்னா சந்தைக்கு. விருந்தாளி வர்ற வீட்டுல இருந்துக்கிட்டு எத்தனை நாள் தாண்டாம இருப்பீக?"

"அப்ப விருந்தாளிகள நீயே வச்சுக்க."

"வச்சுக்கிட்டா? அண்ணன் உங்களச் சிலமலைக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. எனக்குத் தெரியும். நீங்க போய்ட்டா எனக்கு யாரு தண்ணி எடுத்துத் தருவா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வாங்க மதினி. வெரசா. நின்னா எனக்குப் பயம் கூடுது."

நான் பிடிப்பதற்குள் மரத்தில் கால் வைத்துவிட்டாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் தண்ணீரைப் பார்த்து, "சூர்யகலா வந்துருக்கேன். நான்தான் போனவ. நான்தான் முன்னால வர்றேன்" என்று சொன்னாள். இரைச்சலில் அது எனக்கே பாதிதான் கேட்டது. இரண்டு எட்டு வைத்ததும் ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து, பின்னால் எனக்காக நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவளை நான் இழுத்தபோது எனக்குப் பயமே வரவில்லை. பயப்பட நேரம் ஏது? பார்த்தேன், பிடித்தேன், இழுத்தேன். இவள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பயந்துவிட்டு, பயத்தோடேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்கிறாள். என்னால் இது முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுதான் தோன்றியது. அந்தத் தண்ணீருக்கு நடுவிலும் எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

பாதியில் அவள் நின்றுவிட்டாள். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. அக்கரையில் ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பாப்பா" என்று கத்தினேன். "போன உள்ள வை. ஒரு கையில கயித்தப் புடிச்சுக்கிட்டு வந்து இவ கையப் புடி. என்னைய இல்ல, இவளை. இவ பேரு சூர்யகலா. முன்னால வர்றவ இவதான்."

அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவனும் வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். நடுவில் வந்து கையை நீட்டி, "வாங்க்கா, நான் புடிச்சுக்கறேன்" என்றாள்.

சூர்யகலா என் கையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.